ஓட்டுக்கு முன்னாடி ஒரு கொள்கை... நாற்காலி கிடைச்சதும் வேற கொள்கை! ஓகேனக்கல் தண்ணி சொல்லும் பாடம்

சூளகிரி:

தேர்தல் வந்தால் மற்ற ஊர்களில் ரோடும் ரேஷன் கடையும் பேச்சாகும். நம்ம எல்லைப் பகுதியில் முதலில் பேச்சாவது தண்ணீர்தான். அதுவும் நம்ம மாநிலத் தேர்தல் மட்டுமில்லை. ஜூஜூவாடி தாண்டி கர்நாடகாவில் தேர்தல் வந்தாலும் இங்கே சூடு ஏறும். பஸ் நிற்கும். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் அத்திப்பள்ளி வரைக்கும் நடந்து போக வேண்டி வரும்.

ஓட்டு எண்ணி முடித்த பிறகு என்ன ஆகிறது? சத்தம் போட்ட அதே தலைவர் பொன்னாடை போர்த்தி சிரித்தபடி போட்டோவில் நிற்கிறார். "ஆற்றைக் கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ" என்பது பழமொழி. காவிரி அரசியலில் இது தலைகீழ். ஆற்றைக் கடக்கும் வரைக்கும் எதிரி, கடந்த பிறகு அண்ணன் தம்பி!

பெரிய பதவிக்குப் போட்டி போடும்போது ஒரு தலைவரின் கொள்கை எப்படி மாறும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். நம்ம வீட்டுக் குழாயில் வரும் ஓகேனக்கல் தண்ணியே சாட்சி.

பல்லில் காவி, மூட்டில் வலி

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் போர்வெல் தண்ணியில் புளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் காவி ஏறும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகி, மூட்டு மடக்க முடியாமல் போகும். தண்ணியைக் கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. வேறு தண்ணி கொடுப்பது ஒன்றுதான் கிராமத்துக்கு நிரந்தர வழி.

அதற்காக வந்ததுதான் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம். காவிரியில் வருடத்துக்கு 1.4 டி.எம்.சி. தண்ணீர் மட்டும் எடுத்து, சுத்தம் செய்து, குழாய் வழியாக இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்புவது. அணை கட்டுவது கிடையாது. சூளகிரி ஒன்றியத்து கிராமங்களும் இதில் அடக்கம்.

இந்தத் திட்டத்துக்கு 1998-லேயே மத்திய அரசு முன்னிலையில் பேச்சு நடந்து வழி பிறந்தது. பெங்களூர் குடிநீருக்கு தமிழ்நாடு தடை சொல்லாது, ஓகேனக்கல் குடிநீருக்கு கர்நாடகம் தடை சொல்லாது என்பதுதான் அப்போது ஏற்பட்ட புரிதல். அந்த நேரம் டெல்லியில் பிரதமராக இருந்தவர் பா.ஜ.க.வின் வாஜ்பாய். இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி தேவைப்படும்.

7 நாள் முதல்வர்

2007 நவம்பரில் கர்நாடகாவில் எடியூரப்பா முதல்வர் ஆனார். தென்னிந்தியாவில் பா.ஜ.க.வின் முதல் முதல்வர் அவர்தான். ஆனால் கூட்டணியில் இருந்த தேவகவுடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளம் கையை விரித்தது. ஒரே வாரத்தில் நாற்காலி போச்சு. ஜனாதிபதி ஆட்சி வந்தது. 2008 மே மாதம் சட்டசபைத் தேர்தல் என்று ஆனது.

கைக்கு வந்தது வாய்க்கு வரவில்லை என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? எடியூரப்பா முழு வேகத்தில் பிரசாரத்தில் இறங்கினார்.

அந்த நேரம் பார்த்து, 2008 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஓகேனக்கல் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது. அடுத்த மாதமே எடியூரப்பா ஆதரவாளர்களோடு ஓகேனக்கலுக்கு வந்தார். இந்த இடம் கர்நாடகாவுக்குச் சொந்தம், எல்லையை அளக்காமல் திட்டம் நடக்கக் கூடாது என்று கிளப்பினார். அங்கே காவிரிதான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை என்பதால் பேச்சு சுலபமாகப் பற்றிக்கொண்டது.

பத்து வருடத்துக்கு முன்னால் தன் கட்சியின் பிரதமர் டெல்லியில் இருந்தபோது வழி பிறந்த திட்டம் அது. இதைத்தான் ஞாபகம் வைக்கச் சொன்னோம்!

பெங்களூரில் கன்னட அமைப்புகள் தெருவில் இறங்கின. தமிழ்ப்படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டன. பஸ் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. சென்னையில் ஏப்ரல் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் நடிகர், நடிகைகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அங்கே ரஜினிகாந்த் காரசாரமாகப் பேசியதும், சில மாதம் கழித்து 'குசேலன்' படம் கர்நாடகாவில் வெளியாகும் நேரத்தில் அவர் வருத்தம் தெரிவித்ததும் தனிக்கதை. ஓட்டு வேண்டியவருக்கு ஒரு கணக்கு, டிக்கெட் விற்க வேண்டியவருக்கு ஒரு கணக்கு.

சென்னையும் பிரேக் போட்டது

தப்பு ஒரு பக்கம் மட்டும்தான் என்று எழுதினால் அது நியாயம் ஆகாது. உண்ணாவிரதம் முடிந்த மறுநாள், ஏப்ரல் 5-ந் தேதி, அப்போதைய முதல்வர் கருணாநிதி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கர்நாடகாவில் தேர்தல் முடிந்து மக்கள் தேர்ந்தெடுத்த அரசு வரும் வரைக்கும் திட்டத்தை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்.

அதுவரைக்கும் திட்டம் நடந்தே தீரும் என்று உறுதியாகப் பேசி வந்தவர் அவர். ஒரே நாளில் ஏன் இந்த மாற்றம்? தி.மு.க. அப்போது டெல்லியில் காங்கிரசோடு கூட்டணி ஆட்சியில் இருந்தது. கர்நாடகத் தேர்தலில் பா.ஜ.க.வை எதிர்த்து நின்ற முக்கியக் கட்சி காங்கிரஸ். ஓகேனக்கல் நெருப்பு எரிய எரிய யாருக்கு ஓட்டு சேரும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு எதிர்க்கட்சிகள் இதைப் பிடித்துக்கொண்டு விளாசின.

கருணாநிதி பக்கத்தில் ஒரு நியாயமும் இருந்தது. கலவரம் மூண்டால் பெங்களூரில் இருக்கும் லட்சக்கணக்கான தமிழர்கள்தான் முதலில் அடி வாங்குவார்கள். கூலி வேலைக்குப் போனவன் கடை, குடிசை எரியும். அதைத் தடுக்க இரண்டு மாதம் பொறுப்பது தப்பா என்று கேட்டால், உடனே தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒன்று உண்மை. காவித் தண்ணி குடித்துக்கொண்டிருந்த கிராமத்துக்காரனைக் கேட்டு யாரும் பிரேக் போடவில்லை. பக்கத்து மாநிலத்துத் தேர்தல் காலண்டர்தான் பிரேக் போட்டது.

நாற்காலி கிடைச்சதும்...

2008 மே 25-ந் தேதி ஓட்டு எண்ணினார்கள். 224 இடங்களில் பா.ஜ.க.வுக்கு 110. சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டு மே 30-ல் எடியூரப்பா முதல்வர் ஆனார்.

அதற்குப் பிறகு ஓகேனக்கல் எதிர்ப்பை கைவிட்டதாக அவர் அறிவிக்கவில்லை. ஆனால் மார்ச் மாதம் இருந்த அந்தச் சத்தமும் இல்லை.

2009 ஆகஸ்ட் 9. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை. 18 வருடமாகத் துணி போர்த்தி மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் கருணாநிதி. பக்கத்தில் முதல்வர் எடியூரப்பா! நாலு நாள் கழித்து ஆகஸ்ட் 13-ல் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறப்பு. அங்கேயும் இரண்டு பேரும் ஒரே மேடை. சகோதர பாசம் பொங்கியது.

நல்ல விஷயம்தான். யார் வேண்டாம் என்றது? 18 வருடம் எந்த முதல்வரும் எடுக்காத துணியை எடியூரப்பா காலத்தில் எடுத்தார்கள். அதற்குப் பாராட்ட வேண்டும். கேள்வி வேறு. 17 மாதத்துக்கு முன்னால் பக்கத்து மாவட்டத்துக் குடிதண்ணிக்கே இடம் கொடுக்காத மனசு எப்படி இவ்வளவு விரிந்தது?

காலண்டரைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அதே 2009 ஆகஸ்ட் 18-ந் தேதி இரண்டு மாநிலத்திலும் இடைத்தேர்தல். அங்கே பெங்களூரின் கோவிந்தராஜ நகர் உள்பட சில தொகுதிகள். இங்கே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து பர்கூர் உள்பட 5 தொகுதிகள். பெங்களூரில் தமிழர் ஓட்டு எவ்வளவு முக்கியம் என்பது எந்தக் கட்சிக்கும் தெரியும். சிலையைத் திறந்தது ஓட்டுக்காகத்தான் என்று நாம் சொல்லவில்லை. தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். மீதியை வாசகர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

திட்டம் என்ன ஆச்சு? ஜப்பான் கடன் உதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் வேலை நடந்து, 2013 மே மாதம் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அடிக்கல்லில் இருந்து 5 வருடத்துக்கு மேல். பெயர் யாருக்கு என்று தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் அடித்துக்கொண்டது வேறு விஷயம்.

2021-ல் போன கடிதம்

கதை இதோடு முடியவில்லை. சுவாரசியமே இனிமேல்தான்.

2021 ஜூலை. எடியூரப்பா மறுபடியும் முதல்வர். அந்த மாதத் தொடக்கத்தில் அவர் தமிழ்நாடு முதல்வர் மு.க.ஸ்டாலினுக்கு கடிதம் எழுதினார். மேகதாதுவில் அணை கட்டுவது பெங்களூர் மக்களின் குடிநீருக்காக, அதை எதிர்க்க வேண்டாம், உட்கார்ந்து பேசலாம் என்பது கடிதத்தின் சாரம். தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை.

இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2008-ல் நம்ம ஊர் குடிதண்ணிக்கு 1.4 டி.எம்.சி. எடுக்கக் கூடாது என்று ஓகேனக்கலுக்கே வந்து நின்றவர், 2021-ல் குடிதண்ணி ஆச்சே, தடுக்காதீங்க என்று கேட்கிறார்! மேகதாது அணையில் தேக்கி வைக்கும் அளவு 67 டி.எம்.சி. குடிநீருக்கு என்று சொல்வது அதில் 4.75 டி.எம்.சி.தான்.

குடிநீர் புனிதம் என்பது கொள்கை என்றால் அது இரண்டு பக்கமும் புனிதமாக இருக்க வேண்டும். பெங்களூர்காரனின் தாகமும் தாகம்தான். அங்கே வேலை செய்யும் நம்ம ஆட்களும் அதே தண்ணியைத்தான் குடிக்கிறார்கள். சூளகிரிகாரனின் தாகமும் தாகம்தான். ஆளுக்கு ஒரு அளவு என்றால் அது கொள்கை இல்லை, வியாபாரம்.

நடந்து போனவர் கையில் அணைச் சாவி

எடியூரப்பா ஒருத்தர்தானா? இல்லை. 2022 ஜனவரியில் கர்நாடக காங்கிரஸ் தலைவர் டி.கே.சிவகுமார் மேகதாதுவுக்காக நடைபயணம் போனார். நம்ம தண்ணி, நம்ம உரிமை என்பதுதான் கோஷம். மேகதாது இருப்பதே அவர் ஊரான கனகபுரா பக்கம். கொரோனாவால் பாதியில் நின்று, பிறகு மறுபடியும் நடந்து மார்ச் மாதம் பெங்களூரில் முடித்தார். பா.ஜ.க. பெங்களூரிலும் டெல்லியிலும் ஆட்சியில் இருந்தும் அணை கட்டவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

2023 மே மாதம் காங்கிரஸ் 135 இடங்களில் ஜெயித்தது. சிவகுமார் துணை முதல்வர் ஆனார். நீர்வளத் துறையும் அவர் கையில்தான் வந்தது.

வந்த கையோடு வறட்சி. ஆகஸ்டு கடைசியில் காவிரி மேலாண்மை ஆணையம், தமிழ்நாட்டுக்கு 15 நாளைக்கு விநாடிக்கு 5 ஆயிரம் கன அடி திறக்கச் சொல்லி உத்தரவு போட்டது. எங்களிடமே தண்ணி இல்லை என்று வாதாடினார்கள், சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். ஆனாலும் தண்ணி திறந்தார்கள். உடனே பா.ஜ.க.வும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் தெருவுக்கு வந்தன. செப்டம்பர் 26-ல் பெங்களூர் பந்த், 29-ல் கர்நாடக பந்த்.

பார்த்தீர்களா? போன வருடம் தண்ணிக்காக நடந்தவர் இந்த வருடம் தண்ணி திறக்கிறார். போன வருடம் நாற்காலியில் இருந்தவர்கள் இந்த வருடம் தெருவில் கத்துகிறார்கள். ஆள் மாறவில்லை. உட்கார்ந்த இடம்தான் மாறியது.

அத்திப்பள்ளி தாண்டினால் கொள்கை மாறும்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021-ல் எடியூரப்பாவுக்குப் பிறகு முதல்வர் ஆன பசவராஜ் பொம்மை, மேகதாது கட்டியே தீருவோம் என்றார். அவர் பா.ஜ.க. அதே பா.ஜ.க.வின் அப்போதைய தமிழ்நாடு தலைவர் அண்ணாமலை, மேகதாதுவை எதிர்த்து ஆகஸ்ட் 5-ந் தேதி தஞ்சாவூரில் உண்ணாவிரதம் இருந்தார். ஒரே கட்சி, ஒரே கொடி, இரண்டு கொள்கை.

காங்கிரசும் அப்படித்தான். கர்நாடக காங்கிரஸ் அணை கேட்கும், தமிழ்நாட்டு காங்கிரஸ் அணை கூடாது என்னும். அத்திப்பள்ளி டோல்கேட்டில் லாரிக்கு பர்மிட் கேட்பது மாதிரி கொள்கைக்கும் பர்மிட் கேட்டால் எத்தனை கட்சி தாண்டும்?

இது நம்ம ஊர் நோய் மட்டுமில்லை. ஓகேனக்கல் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒபாமா ஜனாதிபதி பதவிக்கான வேட்பாளராகப் போட்டியிட்டுக்கொண்டு இருந்தார். ஓகையோ மாநிலத்தில் தொழிற்சாலைகள் மூடி, வேலை போய், தொழிலாளிகள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோ, கனடாவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தைத் திருத்துவேன், இல்லாவிட்டால் வெளியேறுவோம் என்று மிரட்டுவேன் என்றார் அவர். ஜெயித்து வந்த பிறகு, 2009 ஏப்ரலில், ஒப்பந்தத்தைத் திறக்கத் தேவையில்லை என்று அவரது அரசு சொல்லிவிட்டது. ஓகையோ தொழிலாளிக்கும் ஓசூர் தொழிலாளிக்கும் கிடைத்த அல்வா ஒரே கடை அல்வாதான்.

மாறுவதே தப்பா?

சரி, ஒரு தலைவர் கருத்தை மாற்றிக்கொள்வதே குற்றமா? அப்படியும் சொல்ல முடியாது. உலகம் மாறும், அனுபவம் வரும், மனுஷன் மாறுவான்.

இதற்கும் நம்ம மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. ஓசூர் பக்கத்து தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1938-ல் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். பெரிய போராட்டம் வெடித்தது. அதே ராஜாஜி 1950-களின் கடைசியில் இருந்து, இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகக் கூடாது என்று எதிர்த்தார். 1967-ல் தி.மு.க.வோடு கூட்டணி. கொள்கை தலைகீழ்தான். அரசியல் கணக்கு அவருக்கும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தால் அவர் எந்தப் பதவியிலும் போய் உட்காரவில்லை.

1942-ஐப் பாருங்கள். முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்றுப் பேச வேண்டும் என்று காங்கிரசில் தனி ஆளாக நின்றார். கட்சி ஒத்துக்கொள்ளவில்லை. கருத்தை விடவில்லை, கட்சியை விட்டார். சட்டசபை உறுப்பினர் பதவியையும் விட்டார். அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். ஆனால் கருத்துக்கு விலை கொடுத்தது அவர் கையில் இருந்து.

வித்தியாசம் இதுதான். மாறும்போது தலைவர் எதையாவது இழக்கிறார் என்றால் அதை மனமாற்றம் என்று நம்பலாம். மாறும்போது தலைவருக்குப் பதவி கிடைத்து, நமக்குத் தண்ணி நின்றால் அது என்ன என்று நமக்கே தெரியும்.

அடுத்த தடவை கேட்க வேண்டியது

அடுத்த தடவை எந்தக் கட்சித் தலைவரும் மைக்கைப் பிடித்து தண்ணியைப் பற்றி முழங்கினால், சூளகிரி சந்தையில் கொத்தமல்லி கட்டு வாங்கும்போது பார்ப்பது போல, பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும். மேலே பச்சையாக இருக்கும், உள்ளே அழுகியிருக்கும்.

முதலில் தேதி. இதே விஷயத்தை ஓட்டு இல்லாத வருடத்தில் இவர் எத்தனை தடவை பேசினார்? எல்லைக்கு இந்தப் பக்கம் பேசியதை அந்தப் பக்கமும் பேசினாரா?

அடுத்தது பைல். மேடைப் பேச்சு காற்றோடு போகும். கோர்ட்டில் போட்ட மனு, பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம், வேலை தொடங்கிய நாள் இந்த மூன்றும் பொய் சொல்லாது.

கடைசியாக, நஷ்டம் யாருக்கு. 2008-ல் எடியூரப்பாவுக்கு நாற்காலி கிடைத்தது. கருணாநிதிக்கும் கூட்டணிக்குப் பங்கம் வரவில்லை. தியேட்டரில் கண்ணாடி உடைந்தது, பஸ் நின்றது, ஒருநாள் கூலி போனது எல்லாம் யாருக்கு? 2016 செப்டம்பர் 12-ல் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களை டெப்போவிலேயே எரித்தார்களே, அப்போது ஓசூரில் இருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டி நடந்தவர்கள் யார்? மந்திரிகள் இல்லை.

நம்ம சூளகிரியில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். ஒரே கம்பெனி பஸ்ஸில் மூன்று மொழிக்காரனும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு போகிறான். ஷிப்டு முடிந்து வந்தால் எல்லார் வீட்டிலும் ஒரே குழாய், ஒரே குடம். இவர்களுக்குள் தண்ணிச் சண்டை கிடையாது. மூட்டி விட ஆள் வந்தால்தான் உண்டு.

இப்போது ஓகேனக்கல் இரண்டாம் கட்டத் திட்டம் பேச்சில் இருக்கிறது. 2021-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு அதை அறிவித்தது. 2022 ஜனவரியிலேயே அப்போதைய கர்நாடக பா.ஜ.க. அரசு எதிர்ப்பு தெரிவித்துவிட்டது. ஆக, பழைய நாடகத்துக்கு மேடை தயார். நடிகர்கள் மட்டும் மாறலாம்.

கர்நாடகாவின் அடுத்த சட்டசபைத் தேர்தல் 2028-ல் வர வேண்டும். அதற்கு முன்னால் யாராவது ஒரு பெரிய தலைவர் ஓகேனக்கல் பக்கம் வந்து, இந்தத் தண்ணி எங்களுடையது என்று சத்தம் போட்டால், சூளகிரிகாரர்கள் கோபப்பட வேண்டாம். கல்லும் எடுக்க வேண்டாம். ஐயா, ஓட்டு எண்ணிக்கை என்றைக்கு என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மறுநாள் அவர் என்ன பேசுகிறார் என்று பார்த்து, அப்புறம் முடிவு செய்யலாம்.